பாக்கியம் அக்காவின் முதல் குரல்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடையில் புதிதாக வந்த மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. திரையில் பாக்கியம் அக்கா என்று பெயர் வந்தது. எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றேன். "மாமா" என்றது ஒரு மெல்லிய குரல். ஒரு கணம், அக்காவே தம் பழைய குரலில் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், கடந்த ஒன்பது வருஷமாக அக்காவின் குரல் ஆண்குரல் போலக் கனத்துக் கிடந்தது. பேசியது அவர் மகள் தேவி. "அம்மா காலைல போய்ட்டாங்க மாமா" என்றாள். பெற்றவளின் பழைய குரல் அச்சு அசலாக மகளிடம் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் தேவி கடைக்கு வந்தாள். பதினாறாம் நாள் கோயிலில் கொடுக்கிற நினைவுத் தாளுக்கு நான் எழுதவேண்டும் என்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். "அம்மாவுக்குக் கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பேப்பரு எல்லாத்துலயும் டாவ் எய்ங்கிற பர்மியப் பேருதான். கோயில்ல மட்டும்தான் பாக்கியம். அதனால தமிழ்லயே எழுதுங்க மாமா" என்றாள். போகிற போக்கில் இன்னொரு கேள்வியும் கேட்டாள். "அம்மாவுக்குக் குரல் எதனால போச்சு? ஜுரத்துலன்னுதான் சொல்வாங்க. அப்ப நீங்கதானே மருந்து குடுத்தீங்க. உங்களுக்குத் தெரியும்ல? அதையும் எழுதுங்க. நிறைய பேரு கேக்குறாங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு வெட்கம் இல்லை. இதற்கு முன் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளில், அன்னாரின் இன்குரலை இறைவன் எடுத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தேன். பாவம், இறைவன் அதற்கு என்ன செய்வான்?

அக்கா லைங் தாயா தொழிற்பேட்டையில் ஒரு தையல் ஆலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தார். விடியும் முன்னே ஆலை பஸ் வரும். அதை இங்கே எல்லோரும் பெரி என்றுதான் சொல்கிறோம், படகு மாதிரித் தண்ணீரில் போகாவிட்டாலும். அறுபது மெஷின் ஒன்றாக ஓடும் கூடத்தில், கடைசி வரிசைக்காரிக்கும் கேட்கிற மாதிரி கத்தாமலே பேசுகிறவர் அவர். ஒருமுறை சம்பள நாளில் அவரைக் கூப்பிடப் போயிருந்தேன். துணி வெட்டுகிற மேஜையில் புதிதாக வந்த பெண் அவசரப்பட்டுக் கத்தியை ஓட்டியிருக்கிறாள், நாற்பது சட்டைக்கு உண்டான துணி குறுக்கே போய்விட்டது. அக்கா திட்டவில்லை. அவளை நிறுத்தி பர்மிய மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு என்னிடம் அதையே தமிழில் சொன்னார். "தைச்சதைப் பிரிக்கலாம் தம்பி. வெட்டினதை ஒட்ட முடியாது. இதுங்களுக்கு அது புரியற வரைக்கும் எனக்கு ரத்தக் கொதிப்புதான்."

கோயிலில் அவர் யார் என்பதை உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் தேவியின் வயதில் உள்ளவர்கள் கேட்டதில்லை என்பதால் சொல்கிறேன். பங்குனித் திருவிழாவில் கரகம் தூக்குமுன் பெண்கள் வரிசையிலிருந்து ஒருவர் பாட்டின் முதல் அடியை எடுத்துப் பாடவேண்டும். பதினெட்டு வருஷம் அதை எடுத்தவர் பாக்கியம் அக்கா. மைக் வைக்கமாட்டார். அந்த முதல் அடி கிளம்பும்போது வாசலில் செருப்புப் பார்க்கிற பர்மியக் கிழவர்கூட எழுந்து நிற்பார். அது கேட்டபிறகுதான் பூசாரி கரகத்தைத் தொடுவார்.

இனி மணியாகிய என்னைப் பற்றி. லான்மடாவில் என் கடை மருந்துக்கடை. நான் டாக்டர் இல்லை, கம்பவுண்டர் படிப்பும் முடிக்கவில்லை. என் மாமனார் கடையில் நின்று பழகியதுதான் படிப்பு. ஆனால் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகிறவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் ஊசி போட்டேன். பர்மியர் என்னை சயா என்றார்கள், நம்மவர் டாக்டர் என்றார்கள். பாக்கியம் அக்கா டாக்டர் தம்பி என்பார். அது காதில் விழும்போது எனக்கு உச்சி குளிரும். இதை ஒளிப்பதில் பயனில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தை மாதத்தில் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. ஜுரம் இறங்கியபின் கடைக்கு வந்தார். ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"டாக்டர் தம்பி, ஒரு ஆ-சே போட்டுவிடு. பங்குனிக்கு ரெண்டு மாசங்கூட இல்ல."

"சாப்பிட்டாலே தேறிடுவீங்கக்கா."

"நடக்கத் தேறிடுவேன். பாடத் தெம்பு வேணுமே. மூச்சு அடிவயித்துலேருந்து வரமாட்டேங்குது."

ஆ-சே என்று பர்மியர் சொல்வதும் தெம்பு ஊசி என்று நாம் சொல்வதும் ஒன்றே. சத்து நீர் ஏற்றினாலும் ஆ-சே, வைட்டமின் போட்டாலும் ஆ-சே. அந்தப் பெயருக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். அன்று நான் எடுத்தது வைட்டமின் இல்லை. எல்லை தாண்டி வந்த பெட்டியில் இருந்த எண்ணெய் மருந்து, அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண்களின் உடம்பில் தானாக ஊறுகிற சுரப்பின் செயற்கைத் தம்பி அது. தசை போட வைக்கும், பசி எடுக்க வைக்கும், ரத்தம் ஊற வைக்கும். அதற்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. சில வகை ரத்தசோகை, நெடுநோயில் சதை கரைந்துபோனவர்கள், வயது வந்தும் பருவம் வராத பையன்கள் ஆகியோருக்கு டாக்டர் ரத்தம் சோதித்து, அளவு பார்த்து, இடைவெளி விட்டுப் போடுவார். டைபாய்டு முடிந்து கஞ்சி குடிக்கிற ஒரு பெண்ணுக்கு அது எந்த வகையிலும் தேவையில்லை. நான் வாரத்துக்கு ஒன்றாக எட்டு ஊசி போட்டேன்.

முதல் மூன்று வாரம் அற்புதமாக இருந்தது. அக்கா தட்டு நிறையச் சாப்பிட்டார், கன்னம் உப்பியது, ஆலைக்குத் திரும்பினார். பெரியில் வருகிற பெண்களிடமெல்லாம் என் கடையைச் சொன்னார். திரைக்கு வெளியே பெஞ்சு போட வேண்டியதாயிற்று. நாலாவது வாரம் வந்தபோது, "தொண்டை கம்முதே தம்பி, என்னவா இருக்கும்?" என்று கேட்டார். சளி என்றேன். சப்புகிற மாத்திரை ஒரு அட்டை கொடுத்தேன்.

திருவிழா அன்று காலை நான் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தேன். அக்கா மஞ்சள் சேலையில் நின்று கண்ணை மூடினார். முதல் சொல் நன்றாகத்தான் எழும்பியது. இரண்டாவது சொல்லில் மேலே ஏறவேண்டிய இடத்தில் குரல் உடைந்து, பருவம் வருகிற பையன் குரலாகக் கீழே விழுந்தது. அக்கா கண்ணைத் திறந்தார். மறுபடி எடுத்தார். மறுபடி அதே இடத்தில் உடைந்தது. பூசாரி கரகத்தின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் வேறொரு பெண் அடியைப் பிடித்துப் பாட, கரகம் எழும்பியது. நான் குனிந்து என் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகும் அவர் வந்தார். விரதத்தால் வந்த பலவீனம் என்று அவரே நினைத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. எட்டாவது ஊசி அப்போது போட்டதுதான்.

பிறகு நடந்தது உங்கள் கண்முன் நடந்ததுதான். ஊசி நின்றதும் ஏறிய எடை இறங்கியது. முகத்தில் வந்த பரு காய்ந்தது. குரல் மட்டும் திரும்பவே இல்லை. உதட்டின் மேலும் தாடையிலும் முளைத்த மயிர் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அக்கா அந்த இடங்களில் தனாகா மரப்பட்டைச் சாந்தைக் கெட்டியாகப் பூசிக்கொண்டார். கன்னத்தில் இலை மாதிரி அழகாகப் போடுகிறவர், வாயைச் சுற்றிச் சுவருக்குப் பூசுவதுபோலப் பூசினார். போனில் பேசினால் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அக்கோ என்று கூப்பிட்டார்கள், அண்ணன் என்று. "ஊரே என்னை அண்ணனாக்கிடுச்சு. சீர் செய்யச் சொல்லாம இருந்தா சரி" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். பஜனையில் முன் வரிசையை விட்டுப் பின்னுக்குப் போய்த் தாளம் தட்டினார். ஒருநாள் நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், "அக்கா, பேசாம ஆம்பளைங்க பக்கம் வந்து உக்காருங்க, கட்டைக்குரல் ஒண்ணு குறையுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்கா தாளத்தைப் பார்த்துக்கொண்டே, "வந்தா உங்க இடம் போயிடும்ப்பா" என்றார்.

ஒன்று மட்டும் எனக்கு வெகுகாலம் கழித்து உறைத்தது. திருவிழாவுக்கு அடுத்த மாதத்திலிருந்து அவர் என்னை டாக்டர் தம்பி என்று அழைக்கவில்லை. வெறும் தம்பிதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா தன் லைனில் வேலை செய்கிற ஒரு பர்மியப் பெண்ணைக் கூட்டிவந்தார். மா சூ என்று பெயர். குச்சி போல இருந்தாள். மெஷினில் மயங்கி விழுந்திருக்கிறாள். ஹாஸ்டலில் யாரோ, ஆ-சே ஊசி எட்டுப் போட்டால் குண்டாகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சயாகிட்ட கேளு. அந்த ஊசி என்னென்ன செய்யும்னு அவரு சொல்வாரு" என்று அவளிடம் பர்மிய மொழியில் சொன்னார்.

நான் சொன்னேன். மாதவிலக்கு நின்றுபோகும் என்றேன். முகத்தில் பரு வரும், மயிர் முளைக்கும், உடம்பில் நீர் கோக்கும் என்றேன். கொழுப்பும் ரத்தக் கொதிப்பும் ஏறும், இதயம் கெடும், மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் கெடும் என்றேன். வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

"இன்னொண்ணு இருக்கு, தம்பி" என்றார் அக்கா, தமிழில்.

"வேற என்னக்கா? அவ்வளவுதான்" என்றேன். என் கை மேஜையில் இருந்த மருந்து அட்டைகளை நேராக்கிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தப் பெண் பக்கம் திரும்பி, "நான் பேசுறது கேக்குதா? இது அம்பது வயசுல வந்த குரல்" என்றார். மா சூவின் கண் பெரிதாயிற்று. அக்கா எழுந்து அவளை எதிர்த்தெரு டாக்டரிடம் ரத்தம் பார்க்கக் கூட்டிப்போனார். சாதாரண ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையும் காலையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா மீன் நூடுல்ஸும் அவளைத் தேற்றிவிட்டன. மாத்திரையை என் கடையில்தான் வாங்கினார்கள்.

அன்று இரண்டு விஷயம் எனக்குத் தெரிந்துபோனது. அக்காவுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் என் பெயரைச் சொல்லாமல் ஜுரம், ஜுரம் என்று ஊருக்குச் சொல்லி வந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைத்தேன் என்றால், சோறு போட்டவர் அவர். அந்த வாரமே பெட்டியில் மீதி இருந்த ஊசிகளை அழித்தேன், திரையைக் கழற்றினேன். அதைப் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டு அக்காவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பிறகு நீரிழிவு அவர் சிறுநீரகத்தைப் பிடித்தது. ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். பழைய ஊசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை, நீரிழிவே போதும் என்றார். நான் கேட்டது அக்காவுக்காக இல்லை, எனக்காக. அது அந்த டாக்டருக்கும் தெரிந்திருக்கும், திரும்ப ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார்.

போன மாதம் வார்டில் தனியாக இருந்தபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, அந்த ஊசி" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. எங்க ஆலை நர்ஸு அந்த வருசமே சொல்லிட்டா."

"ஏங்க்கா என்னைக் கேக்கலை?"

"கேட்டா குரல் வந்துடுமா? வெட்டினது வெட்டினதுதான். உன் கடையை உடைப்பானுங்க, உன் பொண்டாட்டி புள்ளைங்க எங்க போகும்?" கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "தெரியாமத்தானே செஞ்சே. தெரிஞ்சு செய்யற ஆளா நீ? எங்கிட்ட சொல்லாதே, எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லு."

நான் தலையாட்டினேன்.

அவர் போன பத்தாம் நாள், தோள் அகன்ற ஒருவர் கடைக்கு வந்தார். ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறாராம். தசை போடுகிற மாத்திரை கேட்டார். இல்லை என்றேன், ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். கல்லீரல், இதயம், ரத்தக் கொதிப்பு, காரணமில்லாத கோபம், நிறுத்தினால் வருகிற சோர்வு எல்லாம் சொன்னேன். சிரித்தார். அவர் விரலில் புது மோதிரம் இருந்தது. போன மாசம்தான் கல்யாணமாம். அக்கா உட்கார்ந்த ஸ்டூல் அங்கேயேதான் கிடந்தது. "இன்னொண்ணு இருக்கு" என்றேன். விதை சுருங்கும், விந்து வற்றும், பிள்ளை பிறக்காமல் போகலாம், மார்பு பெண்களுக்குப் போலப் புடைக்கும் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொருவரிடமும் நான் விழுங்கிவிட நினைக்கிற ஒரு சொல் உண்டு. அவருக்குத் தெரியவேண்டியது அந்தச் சொல்தான்.

பாக்கியம் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றே. போட்டோ இல்லை, அவர் பாடியதை யாரும் பதிவு செய்து வைக்கவும் இல்லை. "இன்னொண்ணு இருக்கு, தம்பி" என்ற வாக்கியம் இருக்கிறது, அதுவும் நான் கெடுத்த குரலில்.

தேவிக்குத் தமிழ் வாசிக்க வராது என்று முன்னமே சொன்னேன். ஆகவே இந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். பதினாறாம் நாள் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மறுபடி வாசிக்கவேண்டும். இந்த இடம் வரை வாசித்துவிடுவேன். இது வரையில் உள்ள மணி, அறியாமல் தப்பு செய்தவன். அக்கா மன்னித்தது அவனைத்தான். அவனை நீங்களும் மன்னித்துவிடுவீர்கள்.

இன்னொன்று இருக்கிறது, தேவி. நாலாவது வாரம் உன் அம்மா தொண்டை கம்முகிறது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் படித்தேன். பெண்களுக்குக் குரல் மாறினால் உடனே நிறுத்தவும், தொடர்ந்தால் திரும்பாது என்று அதில் இருந்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தாளை இருந்தபடியே மடித்து உள்ளே வைத்தேன். அடுத்த வாரம் உன் அம்மா வந்து, டாக்டர் தம்பி என்று கூப்பிட்டுக் கையை நீட்டினார். ஐந்தாவது ஊசியைப் போட்டேன்.